தவறான எண்ணிலிருந்து கோளாறுக்கு: சென்சார் புராஜெக்ட்டில் பிழை தேடும் முறை

சென்சார் புராஜெக்ட் வேலை செய்யவில்லை என்றதும் பெரும்பாலானவர்கள் புரோகிராம் கோடைத் திறந்து வரி வரியாக மாற்றத் தொடங்குகிறார்கள். அரை நாள் போகும், கோடும் கெட்டுப்போகும், கோளாறு அப்படியே இருக்கும். திரையில் வந்த எண்ணைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தப்பான எண் கண்டபடி வருவதில்லை. 85 வந்தால் அதற்கு ஒரு காரணம், மைனஸ் 127 வந்தால் வேறொரு காரணம். 4095-இல் ஒட்டிக்கொண்டு நிற்பதும், கையைக் கிட்டே கொண்டுபோனால் ஆடுவதும் தனித்தனிக் கோளாறுகள். எண்ணைப் படித்துவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள். கோடு கடைசியில்தான்.

பேச்சு எளிதாக இருக்க, பலர் செய்கிற ஒரு அமைப்பையே எடுத்துக்கொள்கிறேன். மாடியில் வைக்கும் ஒரு பெட்டி. உள்ளே ஈஎஸ்பி32 போர்டு, அதாவது சென்சார்களைப் படிக்கும், வைஃபை உள்ள ஒரு சின்னக் கம்ப்யூட்டர். தண்ணீர்த் தொட்டியின் மட்டம் பார்க்க அல்ட்ராசோனிக் சென்சார், வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20, காற்றின் ஈரப்பதத்துக்கு டிஎச்டி22 அல்லது பிஎம்இ280, தொட்டிச் செடிக்கு மண் ஈர சென்சார், மோட்டாரைப் போட்டு அணைக்க ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). அதற்குப் பதில் ஆர்டுயினோ ஊனோ போர்டு வைத்திருப்பவர்களுக்கு மாறும் விஷயங்களை அங்கங்கே சொல்கிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன்: சென்சாரின் காலில் அளந்து பாருங்கள்

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை சென்சாரின் கிரவுண்ட் காலிலும் சிவப்பு முனையை அதன் சப்ளை காலிலும் வையுங்கள். போர்டின் பின்னில் அளந்து பயனில்லை, அங்கே பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சென்சாரின் காலில் 3.3 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 2.9 வந்தால், வழியில் எங்கோ 0.4 வோல்ட் தொலைகிறது.

அடுத்து, ஒரு முனையை போர்டின் கிரவுண்டிலும் மற்றதை சென்சாரின் கிரவுண்டிலும் வைத்து மில்லிவோல்ட்டில் பாருங்கள். இரண்டும் ஒரே ஒயரின் இரு முனைகள். ஒன்றிரண்டு மில்லிவோல்ட் இருந்தால் பரவாயில்லை. 100 மில்லிவோல்ட் வந்தால் அந்த ஒயரிலோ பிரெட்போர்டு துளையிலோ பிடிப்பு சரியில்லை. அளவை வோல்ட்டாகத் தரும் அனலாக் சென்சார் என்றால் அந்த 100 மில்லிவோல்ட் நேராக உங்கள் அளவில் போய்ச் சேரும். ஈஎஸ்பி32-இன் 12 பிட் அளவுகோலில் (0 முதல் 4095 வரை) ஒரு படி ஏறத்தாழ 0.8 மில்லிவோல்ட், அதாவது 120 படிக்கு மேல் பிசகு. இதை எந்தக் கோடாலும் சரிசெய்ய முடியாது.

இந்த இரண்டு அளவும் சரியில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, நீளமான பிரெட்போர்டின் ஓரத்தில் ஓடும் சிவப்பு, நீலக் கோடுகள். பல போர்டுகளில் அவை நடுவில் துண்டாக இருக்கும்; கோடு வரைந்திருப்பதிலேயே இடைவெளி தெரியும், கவனித்துப் பாருங்கள். இரண்டு, ஜம்பர் ஒயர். வெளியே நன்றாக இருக்கும், உள்ளே கிரிம்ப் பண்ணின இடத்தில் அறுந்திருக்கும். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்துக்கொண்டு ஒயரை அசைத்துப் பார்த்தால் பீப் சத்தம் விட்டு விட்டு வரும். அப்படிப்பட்ட ஒயரைத் திரும்ப டப்பாவில் போடாதீர்கள், வெட்டிவிட்டுத் தூக்கிப் போடுங்கள். மூன்று, மாட்யூலோடு தனியாக வரும் பின் வரிசை. அதைச் சும்மா துளைகளில் சொருகி வைத்தால் தொடர்பு இருப்பதுபோலத் தெரியும், ஆனால் இருக்காது. சால்டர் செய்தே ஆக வேண்டும். ஐ2சி (இரண்டு ஒயரில் பேசும் வகை) மாட்யூல் எதுவும் வரவில்லை என்று என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறவர்களில் பலருக்கு இதுதான் விஷயம்.

போர்டையே கம்ப்யூட்டர் பார்க்கவில்லை, அல்லது புரோகிராம் ஏறவில்லை

யூஎஸ்பி ஒயரை மாற்றுங்கள். போன் சார்ஜரோடு வரும் சில ஒயர்களில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பி மட்டும்தான் இருக்கும். போர்டில் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது. ஒயர் நல்லது என்று உறுதியானால், போர்டில் இருக்கும் யூஎஸ்பி சிப்பைப் பாருங்கள். விலை குறைந்த ஊனோ, நேனோ போர்டுகளில் பெரும்பாலும் சிஎச்340, ஈஎஸ்பி32-இல் சிபி2102 அல்லது சிஎச்340 இருக்கும். அதற்கான டிரைவர் வேண்டும்.

போர்ட் தெரிகிறது, ஆனால் ஏற்றும்போது நின்றுவிடுகிறது என்றால்: நேனோ போர்டுக்கு மெனுவில் பழைய பூட்லோடரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஈஎஸ்பி32 'கனெக்டிங்' என்று புள்ளி புள்ளியாகப் போட்டுக்கொண்டே இருந்தால் போர்டில் உள்ள பூட் பட்டனை அமுக்கிப் பிடித்து, ஏறத் தொடங்கியதும் விடுங்கள். ஊனோவில் 0, 1 பின்களில் ஏதாவது மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு ஏற்றுங்கள்; யூஎஸ்பி பேசுவதும் அந்த இரண்டு பின் வழியாகத்தான்.

சீரியல் மானிட்டரில் கிறுக்கல் எழுத்தாக வந்தால் வேகம் பொருந்தவில்லை. கோடில் 115200 என்று போட்டுவிட்டு மானிட்டரில் 9600 வைத்திருப்பீர்கள்.

டிஎஸ்18பி20: 85 காட்டுகிறது, அல்லது மைனஸ் 127 காட்டுகிறது

இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே பேச வேண்டும், ஏனென்றால் இரண்டும் நேர் எதிரான செய்திகள்.

85 டிகிரி என்பது அந்த சிப் பவர் வந்ததும் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் தொடக்க எண். ஆக, 85 வந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது, டேட்டா ஒயர் நன்றாக இருக்கிறது, பேச்சும் நடக்கிறது. அளந்து முடிப்பதற்குள் நீங்கள் படித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். 12 பிட்டில் ஒரு தடவை அளக்க அதற்கு 750 மில்லிசெகண்ட் வரை தேவை. முதல் ரீடிங் மட்டும் 85, அப்புறம் சரியாகிவிடுகிறது என்றால் காத்திருக்கும் நேரத்தைச் சரிசெய்யுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது நடுநடுவே 85 வந்தால் விஷயம் வேறு: சென்சாருக்குப் போகும் சப்ளை ஒரு கணம் விழுந்து எழுகிறது, அதனால் சிப் ரீசெட் ஆகிறது. ரிலே போடும் நேரத்தோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள்.

மைனஸ் 127 என்பது சென்சார் அனுப்பிய எண்ணே இல்லை. பதில் வரவில்லை என்று லைப்ரரி (சென்சாரைப் படிக்க நீங்கள் சேர்க்கும் ஆயத்தக் கோடு) உங்களுக்குச் சொல்லும் குறி. இங்கே பிழை ஒயர் பக்கம். டேட்டா காலுக்கும் சப்ளைக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் (புல்அப் என்பது இதுதான்) இருக்கிறதா? இது இல்லாமல் அந்த ஒயரில் பேச்சே நடக்காது. ஈஎஸ்பி32 என்றால் ரெசிஸ்டரின் மேல் முனை 3.3 வோல்ட்டில்தான் சேர வேண்டும், 5-இல் சேர்க்கக் கூடாது. பின் எண்ணையும் பாருங்கள்: ஈஎஸ்பி32-இல் 34, 35, 36, 39 ஆகிய பின்கள் உள்ளே வாங்க மட்டும்தான். டிஎஸ்18பி20-க்கு அதே ஒயரில் கட்டளையும் அனுப்ப வேண்டும் என்பதால் அந்தப் பின்களில் மாட்டினால் என்ன செய்தாலும் மைனஸ் 127தான்.

கேபிளோடு வரும் வாட்டர்புரூஃப் வகையில் சிவப்பு சப்ளை, கறுப்பு கிரவுண்ட், மஞ்சள் டேட்டா என்பது வழக்கம். ஆனால் எல்லா ஆலையும் அதையே பின்பற்றுவதில்லை, விற்பனைப் பக்கத்தில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று கால் வைத்த சின்ன சிப்பை நேரடியாக மாட்டுகிறவர்கள், தட்டையான முகம் தங்களைப் பார்க்கும்படி பிடித்தால் இடது கால் கிரவுண்ட், நடு டேட்டா, வலது சப்ளை. மாற்றி மாட்டினால் தொட முடியாத அளவுக்குச் சுடும். சுட்டால் உடனே கழற்றுங்கள், சில நேரம் பிழைத்துக்கொள்ளும்.

எண் நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நம்பலாமா என்று சந்தேகம் என்றால் பனிக்கட்டி சோதனை செய்யுங்கள். ஐஸை நன்றாக நொறுக்கி ஒரு டம்ளரில் நிரப்பி, இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, சென்சாரை நடுவில் விட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். சில நிமிடத்தில் பூஜ்யத்துக்கு அரை டிகிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டும். மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரி துல்லியம் என்பதுதான் இந்த சிப்புக்குத் தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. 2 டிகிரி தள்ளி நின்றால் அது போலிச் சிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். சந்தையில் போலிகள் நிறையவே சுற்றுகின்றன. கொதிநீரை வைத்துச் சரிபார்க்க நினைப்பவர்கள் இருக்கும் ஊரின் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சென்னையில் 100-ஐ ஒட்டிக் கொதிக்கும் தண்ணீர் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஐஸுக்கு அந்தத் தொல்லை இல்லை.

டிஎச்டி22: எண்ணுக்குப் பதில் என்-ஏ-என் என்று மூன்று எழுத்து வருகிறது

அந்த மூன்று எழுத்துக்கு, செல்லுபடியாகும் எண் கிடைக்கவில்லை என்று பொருள். எப்போதுமே அதுதான் வருகிறதா, இல்லை பத்தில் ஒரு தடவையா? எப்போதுமே என்றால் பின் எண், புல்அப் ரெசிஸ்டர், கோடில் வகை சரியா என்று பாருங்கள். டிஎச்டி11-ஐ மாட்டிவிட்டு 22 என்று எழுதியிருந்தால் எண் வந்தாலும் அபத்தமாக இருக்கும். நான்கு கால் உள்ள வெறும் சென்சாருக்கு வெளியே 10 கிலோ ஓம் வேண்டும். மூன்று பின் உள்ள சிறிய பலகையில் பெரும்பாலும் அது ஏற்கெனவே இருக்கும்.

அவ்வப்போது மட்டும் வந்தால் அவசரப்படுகிறீர்கள். இந்த சென்சாரை 2 விநாடிக்கு ஒரு தடவைக்கு மேல் கேட்கக் கூடாது. இடைவெளி விட்ட பிறகும் வந்தால், கெட்ட ரீடிங்கை விட்டுவிட்டுப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளும்படி கோடில் எழுதிவிடுங்கள். ஈரப்பதம் 99.9-இல் நின்றுவிட்டால் சென்சாரின் முகத்தில் தண்ணீர் படிந்திருக்கிறது. வெளியே எடுத்து ஒரு நாள் நிழலில் காய விடுங்கள்.

ஐ2சி ஸ்கேனரில் எதுவும் தெரியவில்லை

ஸ்கேனர் என்பது ஒயரில் எந்தச் சாதனம் பதில் சொல்கிறது என்று தேடும் சின்னப் புரோகிராம். அதில் எதுவும் வரவில்லை என்றால் மல்டிமீட்டரால் ஒரு சின்னச் சோதனை. எதுவும் ஓடாத நேரத்தில் எஸ்டிஏ (டேட்டா), எஸ்சிஎல் (கிளாக்) இரண்டு ஒயரிலும் சப்ளை அளவுக்கு, அதாவது 3.3 வோல்ட் இருக்க வேண்டும். இரண்டிலும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் புல்அப் இல்லை அல்லது மாட்யூலுக்கு மின்சாரமே போகவில்லை. ஒன்று மட்டும் பூஜ்யம் என்றால் ஏதோ ஒரு சாதனம் அந்த ஒயரை இழுத்துப் பிடித்திருக்கிறது. இது எஸ்டிஏவில்தான் அதிகம் நடக்கும். பேச்சின் நடுவில் நீங்கள் போர்டை ரீசெட் செய்தால், சென்சார் தான் பாதி அனுப்பிய பைட்டை முடிக்கக் காத்துக்கொண்டு ஒயரை விடாமல் நிற்கும். போர்டின் ரீசெட் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் தீராது, ஏனென்றால் சென்சாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கிறது. யூஎஸ்பியைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் சொருகுங்கள்.

இரண்டு ஒயரிலும் 3.3 இருந்தும் எதுவும் தெரியவில்லை என்றால் இரண்டையும் மாற்றிச் சொருகிப் பாருங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. ஊனோவில் ஏ4 எஸ்டிஏ, ஏ5 எஸ்சிஎல். ஈஎஸ்பி32-இல் வழக்கமாக 21 எஸ்டிஏ, 22 எஸ்சிஎல்.

ஸ்கேனரில் தெரிகிறது, ஆனால் லைப்ரரி 'சென்சார் இல்லை' என்கிறது என்றால் முகவரி பொருந்தவில்லை. பிஎம்இ280 ஹெக்ஸ் (16-ஐ அடியாகக் கொண்ட எண்) 76 அல்லது 77-இல் இருக்கும், பல லைப்ரரிகள் 77 என்று எடுத்துக்கொள்ளும். எல்சிடியின் முதுகில் ஒட்டியிருக்கும் பலகை பெரும்பாலும் ஹெக்ஸ் 27 அல்லது 3எஃப். எல்சிடி விஷயத்தில் இன்னொன்று: விளக்கு எரிகிறது, முகவரியும் சரி, எழுத்து மட்டும் இல்லை என்றால் முதுகிலுள்ள நீலப் பெட்டியின் திருகை ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாகத் திருப்புங்கள். கான்ட்ராஸ்ட் அது.

முகவரியும் சரிதான், வெப்பநிலையும் அழுத்தமும் வருகின்றன, ஈரப்பதம் மட்டும் வரவே இல்லையா? நீங்கள் வாங்கியது பிஎம்பி280. அதில் ஈரப்பத சென்சாரே கிடையாது. பலகையின் மேல் இரண்டு பெயரையும் அச்சடித்து விற்கிறார்கள், அதனால் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். சிப்பின் அடையாள எண்ணைப் படித்தால் ஹெக்ஸ் 60 வந்தால் பிஎம்இ, 58 வந்தால் பிஎம்பி. பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் இதைத் திட்டமாகக் கேட்டுவிடுவது நல்லது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி.

அனலாக் எண் பூஜ்யத்திலோ உச்சத்திலோ நிற்கிறது, அல்லது ஆடிக்கொண்டே இருக்கிறது

முதலில் பின் எண்ணைப் பாருங்கள். ஈஎஸ்பி32-இல் ஏடிசி (வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி) இரண்டு பிரிவாக இருக்கிறது. வைஃபை ஓடும்போது இரண்டாவது பிரிவை நம்ப முடியாது. 0, 2, 4, 12 முதல் 15 வரை, 25 முதல் 27 வரை உள்ள பின்கள் அந்தப் பிரிவு. வைஃபை சேர்க்கும் வரை நன்றாக ஓடிய சென்சார், சேர்த்ததும் செத்துவிட்டது என்றால் காரணம் இதுதான். ஒயரை 32 முதல் 36 வரை உள்ள பின்களிலோ 39-இலோ மாற்றுங்கள்.

4095-இல் நிற்கிறது என்றால் உள்ளே வரும் வோல்ட் சுமார் 3.1-ஐத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் அந்த ஏடிசிக்கு வித்தியாசம் தெரியாது. கீழ் முனையிலும் இதே கதைதான்: 0.1 வோல்ட்டுக்குச் சற்று மேல் வரை பூஜ்யம் என்றே சொல்லும். இரண்டு முனையையும் விட்டுவிட்டு நடுப்பகுதியில் அளவு வருமாறு ரெசிஸ்டர்களைத் தேர்ந்தெடுங்கள். வெறும் படி எண்ணைப் படித்துக் கணக்குப் போடுவதைவிட, மில்லிவோல்ட்டாகவே தரும் பங்க்ஷனைக் கூப்பிடுங்கள். ஆலையில் சிப்புக்குள் எழுதிவைத்த திருத்தத்தை அது எடுத்துக்கொள்ளும்.

எண் ஆடுகிறது, கையைக் கிட்டே கொண்டுபோனால் இன்னும் ஆடுகிறது என்றால் அந்தப் பின் எதனோடும் சேரவில்லை, அந்தரத்தில் தொங்குகிறது. ஒயர் எங்கோ விட்டிருக்கிறது. கை பட்டாலும் படாவிட்டாலும் ஒரே மாதிரி கொஞ்சம் ஆடுகிறது என்றால் அது சப்ளையின் இரைச்சல். சென்சாரின் காலை ஒட்டி 100 நானோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். பின்பு 20 மில்லிசெகண்டுக்குள் பல ரீடிங் எடுத்துச் சராசரி பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். முழுச் சுற்றைச் சராசரி எடுத்தால் அந்த ஹம் தானாக அடிபட்டுப் போகும்.

ஒரு சென்சாரைத் தொட்டால் பக்கத்துப் பின்னில் உள்ள எண்ணும் சேர்ந்து மாறுகிறதா? பேட்டரி வோல்ட் பார்க்க மெகா ஓம் ரெசிஸ்டர்களைப் போட்டவர்களுக்கு இது வரும். ஊனோவின் சிப்பில் ஏடிசிக்கு வரும் மூலத்தின் ரெசிஸ்டன்ஸ் 10 கிலோ ஓமுக்குள் இருப்பது நல்லது. அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் சின்னக் கப்பாசிட்டர் நேரத்துக்குள் நிறையாது, முந்தைய பின்னின் மிச்சம் இதில் தெரியும். ரெசிஸ்டரைக் குறையுங்கள். குறைக்க முடியாவிட்டால் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 நானோஃபாரட் போட்டு, முதல் ரீடிங்கைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவதை எடுங்கள்.

கணக்கில் வரும் பூஜ்யமும் உண்டு. ஊனோவில் 5-ஐ 1023-ஆல் வகுத்துப் பிறகு பெருக்கினால் முழு எண் வகுத்தலில் விடை பூஜ்யம், அதை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். 5.0 என்று எழுதுங்கள். மில்லிவோல்ட் வேண்டுமென்று ரீடிங்கை 5000-ஆல் பெருக்கினால் ரீடிங் 6-ஐத் தாண்டியதுமே 32767 என்ற எல்லை உடைந்து மைனஸ் எண் வரும். லாங் என்று அறிவித்தால் தீர்ந்தது.

எண் ஆடவில்லை, நிலையாக நிற்கிறது, ஆனால் தவறு

நான் அதிகம் பயப்படுவது இந்த வகைக்குத்தான். ஆடும் எண்ணை யாரும் நம்புவதில்லை. நிலையாக நிற்கும் தவறான எண்ணை எல்லோரும் நம்பிவிடுவார்கள், அதை வைத்து மோட்டாரையும் ஓட்டுவார்கள்.

ஊனோவில் முதல் சந்தேகம் 5 வோல்ட் மேல். ஏடிசி அந்த 5-ஐத்தான் முழு அளவாக எடுத்துக்கொள்கிறது. யூஎஸ்பியில் ஓடும்போது அது 4.7-ஆக இருக்கலாம். எல்எம்35 சென்சாரில் 30 டிகிரிக்கு 300 மில்லிவோல்ட் வரும். சப்ளை 4.7 ஆனால் அதே 300 மில்லிவோல்ட் கிட்டத்தட்ட 32 டிகிரி என்று தெரியும். லேப்டாப்பில் ஓர் எண், அடாப்டரில் வேறு எண் வருவதன் காரணம் இது. உள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு மாறுங்கள். அது சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை மாறும், ஒரு தடவை அளந்து கோடில் எழுதிவிட்டால் போதும். பொட்டன்ஷியோமீட்டர், தெர்மிஸ்டர் போல அதே 5 வோல்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் சென்சார்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, சப்ளை ஏறி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும்.

மண் ஈர சென்சாரில் கப்பாசிட்டிவ் வகை காய்ந்த மண்ணில் பெரிய எண்ணும் ஈர மண்ணில் சின்ன எண்ணும் தரும். தலைகீழாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். காற்றில் பிடித்து ஓர் எண், தண்ணீரில் கோடு வரை முக்கி ஓர் எண் எடுத்து, அந்த இரண்டுக்கும் நடுவே சதவீதம் போடுங்கள். காற்றிலும் தண்ணீரிலும் எண் மாறவே இல்லை என்றால் பலகையில் உள்ள சிப்பின் பெயரை லென்ஸ் வைத்துப் படியுங்கள். என்இ555 என்று இருந்தால் அதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், 3.3-இல் அது ஓடாது. டிஎல்சி555 என்றால் ஓடும். சில வாரத்தில் எண் தானாக நகர்கிறது என்றால் பலகையின் வெட்டிய ஓரம் தண்ணீரை உறிஞ்சுகிறது. ஓரத்தைச் சுற்றி நெயில் பாலிஷ் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். இரண்டு பல் வைத்த பழைய வகையில் எப்போதும் மின்சாரம் ஓடவிட்டால் மின்னாற்பகுப்பில் தாமிரம் கரைந்தே போகும். அதை வைத்திருப்பவர்கள் அளக்கும் கணம் மட்டும் ஒரு பின் வழியாக மின்சாரம் கொடுங்கள்.

தொட்டி மட்டத்துக்கு வருவோம். அல்ட்ராசோனிக் சென்சார் ஒலி போய்வந்த நேரத்தைத்தான் அளக்கிறது, தூரத்தை நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள். அந்தக் கணக்கில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர் என்று இருக்கும். அது 20 டிகிரிக்கான வேகம். நம் ஊர் மே மாத மதியத்தில் தொட்டிக்குள் 40 டிகிரி இருந்தால் ஒலி விநாடிக்கு 355 மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். உண்மையில் 150 சென்டிமீட்டர் கீழே இருக்கும் தண்ணீர் 145-இல் இருப்பதாகத் தெரியும். தொட்டியில் 5 சென்டிமீட்டர் அதிகம் இருப்பதுபோல ஒரு பொய். பக்கத்திலேயே டிஎஸ்18பி20 இருக்கிறதே, அதன் எண்ணை 0.606-ஆல் பெருக்கி 331.3-ஐக் கூட்டினால் அந்த நேரத்து வேகம் கிடைத்துவிடும்.

தூரம் பூஜ்யம் என்று வந்தால் எதிரொலி திரும்பி வரவில்லை. சென்சார் சாய்ந்திருக்கலாம், தண்ணீர் மேற்பரப்பு குழம்பிக்கொண்டிருக்கலாம். எப்போதும் ஒரே சின்னத் தூரத்தைச் சொன்னால் தொட்டியின் சுவரோ உள்ளே வரும் பைப்போ எதிரொலிக்கிறது; சுவரை விட்டுத் தள்ளி நடுவில் நேராகக் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். ஐந்து ரீடிங் எடுத்து வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள். இங்கே சராசரி வேண்டாம், ஒரே ஒரு கெட்ட எதிரொலி சராசரியை இழுத்துவிடும். சாதாரண அல்ட்ராசோனிக் சென்சாரான எச்-சி-எஸ்ஆர்04-ஐத் தொட்டிக்குள் வைத்தால் ஆவியில் துருப்பிடிக்கும். வாட்டர்புரூஃப் வகை வாங்குங்கள், ஆனால் அதற்கு 20, 25 சென்டிமீட்டருக்குள் கண் தெரியாது. தொட்டி நிரம்பும் கோட்டிலிருந்து அவ்வளவு உயரத்தில் சென்சார் இருக்க வேண்டும். எக்கோ பின்னில் 5 வோல்ட் வருவதால் ஈஎஸ்பி32-க்கு நேராகக் கொடுக்காதீர்கள். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் போட்டுப் பிரித்து, இரண்டும் சேரும் இடத்திலிருந்து எடுங்கள். 3.3 கிடைக்கும்.

பிஎம்இ280 அறையைவிட ஒன்றிரண்டு டிகிரி அதிகம் காட்டினால் பெட்டிக்குள் ஈஎஸ்பி32-இன் சூட்டை அளக்கிறது. சென்சாரை ஒரு சாண் ஒயரில் வெளியே, நிழலில், காற்றுப் படும்படி வையுங்கள்.

ரிலே போட்டதும் போர்டு ரீசெட் ஆகிறது

5 வோல்ட் ரிலேயின் சுருள் சுமார் 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஈஎஸ்பி32 வைஃபையில் அனுப்பும் நொடியில் சில நூறு மில்லி ஆம்பியர் கேட்கும். அதற்குக் குறைந்தது 500 மில்லி ஆம்பியர் தரும் சப்ளை வேண்டும் என்று அதைச் செய்கிறவர்களே சொல்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மெல்லிய யூஎஸ்பி ஒயரில் வோல்ட் சரிந்து, மானிட்டரில் 'ப்ரவுன்அவுட்' என்ற செய்தி வரும். அந்தச் செய்தி வந்தால் கோடைத் தொடவே வேண்டாம். ஒயரைக் குட்டையாகவும் தடிமனாகவும் மாற்றுங்கள், 2 ஆம்பியர் அடாப்டர் வையுங்கள், போர்டின் 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 470 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் போடுங்கள், துருவம் பார்த்து. ஒரே ஒரு லித்தியம் செல்லை 5 வோல்ட் பின்னில் கொடுத்திருந்தால் அதுவே காரணம்: பல போர்டுகளில் உள்ள ரெகுலேட்டர் தனக்கென்று 1 வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 3.3 வராது. 9 வோல்ட் சதுர பேட்டரியும் இந்த வேலைக்கு ஆகாது.

போடும்போது நன்றாக இருந்து அணைக்கும்போது ரீசெட் ஆனால் அது சுருளின் எதிர்மின்னழுத்தம். ரிலே மாட்யூலில் டயோடு இருக்கும். வெறும் ரிலேவோ சின்ன டிசி பம்போ மாட்டியிருந்தால் 1என்4007 டயோடை அதன் இரு முனையிலும் தலைகீழாக, பட்டை உள்ள பக்கம் பாசிட்டிவில் இருக்கும்படி போடுங்கள்.

ஈஎஸ்பி32-இல் ரிலே அணையவே மாட்டேன் என்றால், 5 வோல்ட்டில் ஓடும் மாட்யூலுக்கு 3.3 வோல்ட் 'ஹை' போதவில்லை. ஜேடி-விசிசி என்று குறித்த ஜம்பரை எடுத்துவிட்டு, அந்தப் பின்னுக்கு 5 வோல்ட்டும் பக்கத்து விசிசி பின்னுக்கு 3.3 வோல்ட்டும் கொடுங்கள்.

மோட்டார் விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 10 ஆம்பியர் என்று எழுதிய நீல ரிலேயில் 1 எச்பி மோட்டாரை நேராக மாட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும் மின்னோட்டத்தைப்போல் பல மடங்கு இழுக்கும், ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்போது திரையில் 'ஆஃப்' என்று இருக்கும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் வழியும். ரிலே ஒரு கான்டாக்டரின் (மோட்டார் போன்ற பெரிய சுமைக்கான சுவிட்ச்) சுருளை மட்டும் போட வேண்டும், மோட்டாரைக் கான்டாக்டர் போட வேண்டும். 230 வோல்ட் பக்கத்தைத் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். அந்தப் பக்கம் மின்சாரம் இருக்கும்போது பெட்டியைத் திறந்து பிழை தேடாதீர்கள்.

மேசையில் ஓடியது, மாடியில் ஓடவில்லை

ஒயர் நீளமாகிவிட்டது. ஐ2சி ஒரு பலகைக்குள் பேசுவதற்காக வந்தது. பத்து மீட்டருக்கு இழுத்தால் ஸ்கேனரில் வந்து வந்து மறையும். வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து குறைத்துப் பார்க்கலாம், ஆனால் போர்டையே சென்சாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வைஃபையில் எண்ணை அனுப்புவதுதான் நிரந்தரத் தீர்வு. டிஎஸ்18பி20 நீண்ட ஒயரைத் தாங்கும். ஒரே ஒயரில் வரிசையாகக் கோத்து, புல்அப்பை 2.2 கிலோ ஓமாகக் குறையுங்கள். நட்சத்திரம்போல் ஒரு புள்ளியிலிருந்து பல பக்கம் பிரித்தால் தகராறு செய்யும்.

பவர் போட்டால் போர்டு கிளம்பவே இல்லை, எல்லா ஒயரையும் கழற்றினால் கிளம்புகிறது என்றால் ஈஎஸ்பி32-இன் 12-ஆம் பின்னில் என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பூட் ஆகும்போது அது 'ஹை'யாக இருந்தால் ஃப்ளாஷுக்கான வோல்ட் மாறிவிடும். 0, 2, 15 பின்களுக்கும் பூட் நேரத்தில் வேலை இருக்கிறது. 6 முதல் 11 வரை தொடவே கூடாது, அவை ஃப்ளாஷ் சிப்புக்குப் போகின்றன.

நாள்கணக்கில் ஓடிவிட்டு நின்றுபோகிறது

போர்டு கிளம்பியதிலிருந்து மில்லிசெகண்டுகளை எண்ணும் மில்லிஸ் எண்ணி 49.7 நாளில் திரும்பப் பூஜ்யத்துக்கு வரும். 'இப்போது, அடுத்த நேரத்தைத் தாண்டிவிட்டதா' என்று எழுதியிருந்தால் அந்த நாளில் கணக்குக் குழம்பும். இப்போதைய எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து, அந்த வித்தியாசம் இடைவெளியைத் தாண்டியதா என்று கேளுங்கள். இரண்டையும் அன்சைன்ட் லாங்காக வையுங்கள். பூஜ்யத்தைக் கடந்தாலும் கழித்தல் சரியாகவே வரும்.

சில மணி நேரத்தில் நின்றால் ஸ்ட்ரிங் பொருள்களை லூப்புக்குள் ஒட்டி ஒட்டிச் சேர்க்கிறீர்களா என்று பாருங்கள். ஊனோவில் நினைவகம் மொத்தமே 2 கிலோபைட், துண்டு துண்டாகி இடமில்லாமல் போகும். ஈஎஸ்பி32 என்றால் காலியாக உள்ள நினைவகத்தை மணிக்கு ஒரு தடவை அச்சிடுங்கள். எண் இறங்கிக்கொண்டே போனால் கசிவு கோடில் இருக்கிறது. கூடவே, ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ரீசெட் ஆன காரணத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். அதற்கென்றே ஒரு பங்க்ஷன் இருக்கிறது. ப்ரவுன்அவுட்டா, வாட்ச்டாகா (கோட் உறைந்துபோனால் ரீசெட் செய்யும் காவல்), கோட் வெடித்ததா என்று தெரிந்துவிடும்.

மழைக்குப் பிறகு மட்டும் கெடுகிறது என்றால் பெட்டியைத் திறந்து பாருங்கள். கேபிள் மேல் பக்கத்திலிருந்து நுழைந்தால் தண்ணீர் அதன் வழியே உள்ளே இறங்கும். கேபிளைக் கீழ்ப்பக்கம் கிளாண்ட் போட்டு நுழையுங்கள், நுழைவதற்கு முன் கீழே தொங்கி மேலே ஏறும்படி ஒரு வளைவு விடுங்கள். எறும்பும் பல்லியும் சூடான பெட்டியைத் தேடி வரும், திறந்த துளை எதையும் விடாதீர்கள். சால்டர் முனைகளில் பச்சையாகப் படிந்திருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துக் காயவைத்து, சென்சாரின் காலில் முதலில் சொன்ன அந்த இரண்டு அளவையும் எடுத்த பிறகே மூடுங்கள்.